துண்டுக்கு அடியில் ஒரு பதில்

மாட்டுத் தரகில் வாய்க்கு வேலை குறைவு, விரலுக்குத்தான் வேலை. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு தடவை நின்று பார்த்தவர்களுக்கும் இது தெரியும். வாங்குகிறவர் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். பிடித்த விரலை இறுக்கினால் சம்மதம், உதறினால் இல்லை. சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துண்டை உருவிவிட்டால் பேச்சு முடிந்தது. அதன்பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

அதற்கு முன்னால் தரகன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. மாட்டுக்காரரை ஓரமாகக் கூட்டிப்போய், என்ன எதிர்பார்க்கிறீர்கள், எது வரைக்கும் இறங்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிலர் சொல்லவே மாட்டார்கள். "நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்பார்கள். நாம் பார்த்துச் செய்வோம். வீட்டுக்குப் போனதும் தரகன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எந்த ஊர், எந்த நிறத்து மாடு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

வயதான காலத்தில் எனக்கு இரண்டாவது தொழில் ஒன்றும் வந்து சேர்ந்தது. நோயாளித் தொழில். ரத்தத்தில் மெதுவாக நகர்கிற கேன்சர். தினமும் ஒரு மாத்திரை, தீபாவளிக்கும் லீவு கிடையாது. காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், வயிற்றில் ஒரு குமட்டல், ஆஸ்பத்திரியில் டோக்கன். உங்களில் பலருக்கும் இதே வேலைதான் என்று தெரியும். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் படிக்கலாமே என்று இதை எழுதுகிறேன்.

வெளியே கட்டிய மாடு

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். அதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஐயா கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்று நர்ஸிடம் சொன்னார். என் சம்சாரம் மயிலாத்தாளை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சந்தைதான் நினைவுக்கு வந்தது. துண்டுக்கு அடியில் பேச்சு நடக்கும்போது மாடு பக்கத்தில்தான் நிற்கும். அசைபோட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்க்கும். அந்த நேரத்தில் அதற்கு என்ன தோன்றும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு யோசித்தேன். அந்த டாக்டர்மேல் எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. அவர் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில் நான் கால் வைப்பதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

கதவு திறந்து மயிலாத்தாள் வந்தாள். முகத்தை நன்றாகத் துடைத்திருந்தாள். விற்கிற அன்று மாட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருகிறவர்களை நான் பார்க்காததா? துடைத்திருக்கிறது என்றாலே எதையோ மறைத்திருக்கிறது என்று அர்த்தம். என்ன சொன்னார் என்று கேட்டேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ரத்தத்துல சூடு ஏறிப்போச்சாமுங்க. கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா அதை எறக்கித் தருவாங்களாமா."

பெயரைச் சொன்னவர்

கோயமுத்தூர் டாக்டரம்மா சோமனூர்ப் பக்கத்துக்காரர், தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். வாயைத் திறந்ததுமே பேச்சில் தெரிந்துவிட்டது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அவசரமில்லாத கை. மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கும்போது என் கையும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் நின்ற மயிலாத்தாள், சொல்லிவிடாதீர்கள் என்று ஜாடை காட்டினாள். டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஐயாவுடைய ரத்தத்தைப் பற்றி ஐயாவிடம்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார். இது மெதுவான வகை, மாத்திரை நன்றாகவே கட்டுப்படுத்தும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது என்றார்.

அதோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, இந்த வைத்தியத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு இது புதிதாக இருந்தது. டாக்டரிடம் போனால் மருந்து வேண்டும், வேறு என்ன வேண்டும்? எதற்காக என் வாயைப் பிடுங்குகிறார்? சந்தையில் தன் ஆசையை முதலில் சொல்கிறவன்தான் தோற்றுப்போவான். அதனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல், நீங்களே பார்த்துச் செய்யுங்க என்று சொல்லிவிட்டேன். கெட்டிக்காரப் பதில் சொன்ன திருப்தியோடு எழுந்தேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "செய்யறேனுங்க ஐயா. ஆனா அடுத்த தடவையும் கேப்பேன், அதுக்கு அடுத்த தடவையும் கேப்பேன்."

மருந்தில்லாத பாய்

எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வியை டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்கிறாரா, என்னிடம் மட்டும்தானா என்று அறிய ஆசை. காத்திருக்கிற இடத்தில் என் பக்கத்தில் எப்போதும் ரபீக் பாய் உட்கார்ந்திருப்பார். கோட்டைமேட்டில் தையல்கடை. அவருக்கும் ரத்தத்தில்தான் நோய், அதுவும் மெதுவான வகைதான், ஆனால் வேறு ரகம். அவருக்கு மாத்திரையே கிடையாது. வருவார், ரத்தம் கொடுப்பார், கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள், போய்விடுவார். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. பாவம், இந்த மனிதருக்கு ஏன் மருந்து கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள்? பாய் சிரித்தார். அவருடைய ரகத்துக்கு இப்போதே மருந்து தொடங்குவதால் லாபம் இல்லையாம். தேவைப்படுகிற வரைக்கும் கவனித்துக்கொண்டிருப்பதே வைத்தியமாம்.

உங்களிடமும் என்ன வேண்டும் என்று கேட்டாரா என்றேன். கேட்டாராம். பாயும் உடனே பதில் சொன்னாராம்: ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை எனக்குச் சொல்ல வேண்டாம், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற நாள் வந்தால் மட்டும் சொல்லுங்கள். எண்ணைக் கேட்டுவிட்டால் அடுத்த எண் வருகிற வரைக்கும் தூக்கம் போய், துணியைக் கோணலாக வெட்டிவிடுகிறாராம். என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் எனக்குச் சொல்லாமல் இருந்தால் நான் சண்டைக்குப் போவேன். இந்த மனிதர் சொல்லாமல் இருப்பதையே கேட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்க முடிகிறது என்று மறுபடி பார்த்தபோது கேட்டேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "இன்னிக்கு மெஷின்ல உக்காரலாமா, வேண்டாமா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதாங்கண்ணா."

இறங்கினால் நல்லது

என் விஷயத்தில் எண்தான் எல்லாமே. ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து வேறு பெரிய ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் பார்க்காத ஊரையெல்லாம் என் ரத்தம் பார்த்துவிட்டு வருகிறது. அங்கே யார் எப்படி அதைப் பார்த்து எண்ணாக்குகிறார்கள் என்று ரத்தம் எடுக்கிற நர்ஸிடம் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொல்லும். எனக்குப் பாதிதான் புரியும். கெட்டுப்போன அணுக்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பதன் கணக்கு அது என்பது வரைக்கும் பிடிபட்டது.

டாக்டரம்மா ஒரு தாளில் படி போல வரைந்து காட்டினார். முதல் படியில் வெள்ளை அணுக்கள் சரியாக வேண்டும், வீங்கிய மண்ணீரல் சுருங்க வேண்டும். அடுத்து இந்த எண் இறங்க வேண்டும். ரொம்பவும் கீழே இறங்கி, சில வருடம் அங்கேயே நின்றால், எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும், மாத்திரையை நிறுத்திவைத்துக் கவனித்துப் பார்க்கலாம். எந்தப் படி வரைக்கும் போக ஆசை என்று மறுபடியும் கேட்டார். நீங்களே பார்த்துச் செய்யுங்க என்று மறுபடியும் சொன்னேன். மயிலாத்தாளுக்கு வேறு கவலை. பேரன் மார்க் ஷீட்டைப் பார்த்துப் பழகியவள் அவள். முந்தைய இரண்டு ரிப்போர்ட்டிலும் எண் குறைந்திருந்ததைப் பார்த்து, தேறவில்லை என்று பயந்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாசாணியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போய்வந்திருக்கிறாள். தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்தாள். "எறங்குனா நல்லதுன்னு மொதல்லயே சொல்லிப்போட்டா என்னங்க டாக்டரம்மா? நான் பாட்டுக்கு ஏத்தி உடு ஆத்தான்னு வேண்டிட்டு வந்துட்டேன்."

துண்டு உருவிய வியாழக்கிழமை

மாத்திரை நோயை இறக்கியது, கூடவே என் கையைப் பிடித்தது. காலில் கெண்டைச்சதை பிடிப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வலது கை விரல்களும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மடங்கிவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு நிமிராது. சோற்றுக் கையில் பிடித்தால் இடது கையால் நீவிவிட்டுச் சாப்பிடலாம். துண்டுக்கு அடியில் பிடித்தால் என்ன செய்வது?

ஒரு வியாழக்கிழமை அதுவும் நடந்தது. நெகமத்துக்காரர் ஒருவருடைய காங்கேயம் காளைக்கு நான் தரகு. மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்குத் தோட்டக்காரர் ஒருவர் வாங்க வந்திருந்தார். துண்டுக்குள் அவர் கேட்ட விலை ரொம்பக் குறைவு. உதறப் போனேன். விரல் உதறவில்லை, இறுக்கிக்கொண்டது. அந்த மனிதர் முகமெல்லாம் சிரிப்பாகத் துண்டை உருவிவிட்டார். முடிந்தது. அது சம்மதம் இல்லை, விரல் பிடிப்பு என்று நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தக் காளை மிஞ்சியிருக்கும், என் தொழில் மிஞ்சியிருக்காது. கையை நம்ப முடியாத தரகனுக்கு யார் மாட்டைக் கொடுப்பார்கள்? நெகமத்துக்காரர் கயிற்றை மாற்றிக் காளையைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து சின்னச்சாமியைக் கூப்பிடுகிறார்.

சின்னச்சாமி என்னிடம் தொழில் படித்தவன். எனக்கு எதிராகவே கடை விரித்தவன். அவன் அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். டீக்கடையில் நாலு பேர் நடுவில் என் கையைப் பார்த்து, ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: "கை பேச மாட்டேங்குதுங்களாண்ணா? அப்ப இனி வாயிலயே பேசிப் பழகிக்கோங்க."

தீராத அட்டை

அந்த வார்த்தைக்குப் பிறகு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். செவ்வாயும் வியாழனும் சந்தை. அதற்கு முந்தைய நாட்களில் மாத்திரையை விழுங்காமல் விட்டுப் பார்த்தால் என்ன? விட்டுப் பார்த்தேன். கை லேசானதுபோல் இருந்தது. நிஜமாகவே லேசானதா, நினைப்பா என்று அறிய இன்னும் சில வாரம் விட்டேன். டாக்டரம்மாவிடம் விரலைப் பற்றியும் சொல்லவில்லை, இதைப் பற்றியும் சொல்லவில்லை. நொண்டுகிற மாட்டை மெத்தென்ற மண்ணில் நடத்திக் காட்டுகிறவன் கல் பாதை எங்கே என்று சொல்லித் தருவானா?

மூன்று மாதத்து ரிப்போர்ட் வந்தது. எண் ஏறியிருந்தது. மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்றேன். மருந்துக்கு நோய் பழகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு பரிசோதனை எழுதப் போனார். அப்போது மயிலாத்தாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "மாசம் தீந்துபோகுதுங்க டாக்டரம்மா, மாத்திரை அட்டை தீர மாட்டேங்குது. சந்தைக்கு முந்தின நாளுன்னா இவுருக்கு மாத்திரை தொண்டையில எறங்கறதில்லை."

தொட்ட மாடு

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். மனதில் வைத்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, சந்தையில் உங்கள் வேலை எப்படி நடக்கும் என்று கேட்டார். அவர் முகத்தில் தெரிந்தது வெறும் தெரிந்துகொள்கிற ஆசைதான், ஊர் விட்டு ஊர் போகிற என் ரத்தத்தைப் பற்றி எனக்கு வருகிற அதே ஆசை. துண்டைப் பற்றிச் சொன்னேன். காட்டுங்கள் என்று கையை நீட்டினார். மயிலாத்தாளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேல் போட்டேன். இறுக்கினால் ஆமாம், உதறினால் இல்லை என்று சொல்லிக் கொடுத்தேன்.

சரி, நான் கேட்கிறேன் என்றார். எண் ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும், அதுதான் பெரிது என்று நினைக்கிறீர்களா? நான் இறுக்கவும் இல்லை, உதறவும் இல்லை. ஒருநாள் மாத்திரையே இல்லாமல் இருக்க ஆசையா? அதற்கும் அப்படித்தான். நடமாடுகிற வரைக்கும் சந்தைக்குப் போய் இந்தத் துண்டைப் போட வேண்டும், அதுதானா? இறுக்கினேன். இறுக்கிய விரல் அப்படியே பிடித்துக்கொண்டது. விட முயன்றேன், வரவில்லை. டாக்டரம்மாவுக்கு வலித்திருக்கும். கையை இழுத்துக்கொள்ளவில்லை. துண்டை எடுக்கவும் இல்லை. விரல் தானாக இளகுகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார். வெளியே டோக்கன் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கையை எடுத்துக்கொண்ட பிறகு ஒன்று கேட்டார். மாட்டுக்காரர் தனக்கு என்ன வேண்டும் என்று உங்களிடம் சொல்லவே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது, முன்னால் பட்டது போதும், இப்போதெல்லாம் அவன் மாட்டை நான் தொட மாட்டேன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. டாக்டரம்மா சிவந்த விரலைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "நான் தொட்டுப்போட்டேனுங்களே ஐயா."

மயிலாத்தாளின் விலை

அன்றைக்குத்தான் நாங்கள் முதல் தடவையாக மனம்விட்டுப் பேசினோம். வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ரத்தத்தில் உப்புச் சத்துகள் குறைந்தாலும் தசை பிடிக்கும், அதைப் பார்த்துச் சரிசெய்யலாம். வேறு மாத்திரைக்கு மாறலாம், ஆனால் அதற்கு அதன் தொந்தரவு வேறு உண்டு. இல்லையென்றால் இதே மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டு எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். குறைத்த பிறகு அடிக்கடி ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துகிற அந்தக் கடைசிப் படி தள்ளிப்போகலாம், கிடைக்காமலும் போகலாம். எண் ஒரு கோட்டைத் தாண்டினால் விரலைப் பற்றிய பேச்சே கிடையாது, உயிரைத்தான் பார்ப்பேன் என்றார். எது வரைக்கும் இறங்கலாம் என்பதை அவரும் சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அளவைக் குறைக்கிற வழியே போகலாம் என்றேன்.

எழுந்துகொள்ளும்போது மயிலாத்தாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. எல்லோரையும் கேட்டீர்கள், என்னைக் கேட்கவில்லையே என்றாள். டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்தார். எண்ணைப் பார்த்து நேர்ந்துகொண்டவள், படி படியாக இறங்கிக் கடைசிப் படிக்குப் போக வேண்டும் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "இவுரு சந்தைக்குப் போகோணுமுங்க. ஊட்டுலயே உக்காந்துட்டா, ஊரு மேல இருக்கற கோவத்தையெல்லாம் நான் ஒருத்தியே தின்னோணும்."

துண்டு போடுவதற்கு முன்னால்

எண் பழைய இடத்துக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்த பிறகு அளவைக் குறைத்தார்கள். குறைத்ததும் எண் துளி ஏறியது, பிறகு நின்றுவிட்டது. விரல் இப்போதும் எப்போதாவது பிடிக்கிறது. அதனால் துண்டு போடுவதற்கு முன்னாலேயே எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன்: மாத்திரை சாப்பிடுகிறேன், கை சில நேரம் பிடித்துக்கொள்ளும், நான் துண்டை எடுத்தால்தான் முடிந்ததாக அர்த்தம். முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது பழகிவிட்டார்கள். என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நோயின் பெயரையும் சொல்கிறேன். நெகமத்துக்காரர் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சின்னச்சாமி டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு குரலைத் தணித்து, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், சந்தையில் நிற்க முடியாமல் பாதம் எரிவதாகவும் சொன்னான். டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவைத்திருக்கிறானாம். என் டீ ஆறுகிற வரைக்கும் அவனைக் காக்கவைத்தேன். பிறகு, பாதம் எரிவதையும் சந்தையில் நிற்க வேண்டும் என்பதையும் அப்படியே போய்ச் சொல் என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சொன்னா நம்மளை எளப்பமா நெனைக்க மாட்டாங்களாண்ணா?"

என் மாத்திரையின் அளவை டாக்டரம்மா குறைத்துவிட்டார், சின்னச்சாமிமேல் இருக்கிற கோபத்தின் அளவைக் குறைக்கச் சொல்லி இதுவரை எந்த டாக்டரும் கேட்கவில்லை.